இல்லாத சித்தப்பா

அத்தியாயம் 4

“அப்படி ஒரு மனுஷனே கிடையாதுங்க. எப்படித் தெரியும்னு கேளுங்க. அந்தச் சித்தப்பாவைப் பெத்ததே நான்தான்!”

“வாழ்த்துகள் சார். சுகப்பிரசவமா?” என்றேன்.

மேடம் என் பக்கம் திரும்பாமலேயே என் காலை மிதித்தார். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். செத்துப்போனதாகக் கணக்குக் காட்டியவர்களை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்து பேர் வாங்கியவர். உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு, மிதி மட்டும் ஆறடி ஆளின் மிதி. நான் அவருடைய உதவியாளன். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் ஆபீஸில் எல்லாருக்கும் நான் ‘ஸ்பீக்கர்’.

எதிரே கொதித்துக்கொண்டிருந்தவர் எங்கள் கட்சிக்காரர். நகர அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் கோடு போட்டு ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன். அதில் கடைசி இருபது வருஷமும், ஓய்வுக்குப் பிறகு ஆறு வருஷமும், வீட்டுக்கு வந்தாலும் கோடுதான். வம்சக் கோடு. ஏழு தலைமுறை, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அறையின் ஒரு சுவர் முழுக்க டிரேசிங் ஷீட்டில் கறுப்பு மையில் சொந்தக்காரர்கள் எறும்பு வரிசை போட்டிருந்தார்கள்.

“இதுல அறுநூத்திப் பதினோரு பேர் நிஜம். ஒருத்தர் மட்டும் பொய்,” என்றவர் ஸ்கேலால் ஓர் இடத்தைத் தட்டினார். அவருடைய அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டம். ஒன்பது மாதத்தில் மறைவு என்று எழுதியிருந்தது.

“நாங்க ஆபீஸ்ல நகர வரைபடம் போடறப்ப இல்லாத சந்து ஒண்ணை நடுவுல சொருகுவோம். எவனாவது காப்பியடிச்சா அந்தச் சந்தும் கூடவே போகும், மாட்டிப்பான். அதே வேலையை இங்கயும் செஞ்சேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் ஆறு வருஷ இடைவெளி. இடம் காலியாக் கெடந்தது. ஒரு சித்தப்பாவைப் போட்டேன்.”

“அந்த ஆறு வருஷப் பிறப்புப் பதிவேடு பாத்தீங்களா?” மேடம் கேட்டார்.

“வெள்ளத்துல போயிடுச்சு. அதனாலதானே அங்க போட்டேன்! எவனாலயும் சரிபார்க்க முடியாது பாருங்க.”

தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் கட்சிக்காரர் கட்சிக்காரர்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இவர் தன் வம்சத்தையே ஒரு மண்டபத்தில் கூட்டுகிறார். இருநூறு புத்தகம் அச்சடித்து வைத்திருக்கிறார். இரண்டு மாதம் முன்பு, தாத்தாவின் பெயரும் தொழிலும் போட்டு, ‘இக்குடும்பத்தார் தொடர்புகொள்க’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து ஒரு தையல்காரம்மா கடிதம் எழுதினார். தன் அப்பா அந்தத் தாத்தாவின் இரண்டாவது மகன் என்றும், ஐந்து வயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர் என்றும், அவருடைய அம்மாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றும். இவர் பதிலுக்குப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

“ரெண்டாவது மகனே என் கற்பனை. என் ஷீட்டைப் பாக்காம அவளுக்கு எப்படித் தெரியும்? மூணு பேருக்குத்தான் காப்பி கொடுத்தேன். அதுலயும் ஒரு பொறி. மச்சானோட காப்பியில அந்தக் குழந்தை பொறந்தது மார்ச். சம்பந்திக்கு ஜூன். மருமகனுக்கு அக்டோபர். அவ எந்த மாசம் சொல்றாளோ, அந்த வீட்லதான் கருப்பு ஆடு. கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை அவளையும் அவனையும் சேர்த்து மேடையிலேயே கிழிக்கணும்!”

“ஒன்பது மாசத்துல செத்த குழந்தைக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்றதுக்கு ஏமாத்துக்காரிக்கு ரொம்பத் தைரியம் வேணும் சார்,” என்றேன்.

“ஏமாத்துக்காரங்களுக்கு ஏதுங்க மூளை? காகிதம் இருந்தா ஆள். காகிதம் இல்லைன்னா ஆள் இல்லை. அவ்வளவுதான் என் சட்டம்.”

காப்பிகளை எடுக்க மூலையிலிருந்த பழைய தேக்கு அலமாரியைத் திறந்தார். தாத்தா காலத்தது, ராசியானது என்றார். இடது கதவின் உள்பக்கம் முழுக்க, முழங்கால் உயரத்திலிருந்து என் வாய் உயரம் வரை, பழுப்பேறிய ஒரு ஷீட் ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவர் போட்ட முதல் வம்ச மரமாம். அதற்கு மேலே, சரியாக என் மூக்குக்கு நேரே, மரத்தில் கத்தி முனையால் கீறிய ஒரு சின்ன நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு கோடும்.

“யாரோ ஸ்டார் கொடுத்திருக்காங்க. நல்ல பையனா நடந்துகிட்டீங்களா சார்?”

“பழைய சாமான்ல ஆயிரம் கிறுக்கல் இருக்கும்,” என்று கதவை அறைந்து மூடினார்.

*

தையல் கடை ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. டிராஃப்ட்ஸ்மேனின் பேரைச் சொன்னதும் குண்டூசியைத் துப்பினார். நல்லவேளை, என் மேல் இல்லை.

“ஓ, அவர் அனுப்பின ஆளுங்களா? போன வாரம் கான்ஸ்டபிள், இந்த வாரம் நீங்களா? அரை மணி நேரம் அந்தக் கான்ஸ்டபிள் இதோ, இந்தப் படியிலதான் நின்னார். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. கல்யாணத் துணி கொடுத்திருந்த பொண்ணு, தைக்காமலே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா. இருபது வருஷமா ஒரு அளவு தப்புன்னு யாரும் என்னைச் சொன்னதில்ல. இப்ப நான் ஆளே தப்பாம்!”

“ஒரே கேள்வி,” என்றார் மேடம். “உங்க அப்பா எந்த மாசம் பொறந்தார்?”

மார்ச்சா, ஜூனா, அக்டோபரா?

“தெரிஞ்சா நான் ஏன் அந்த ஆளுக்கு லெட்டர் எழுதறேன்? அப்பாவுக்கே தெரியாது. பொறந்த தேதி, அம்மா பேரு, எதுவும் தெரியாது. தாத்தாவுக்கு வேலை போன வருஷம், பிள்ளையில்லாத கூட்டாளி ஒருத்தர் கேட்டிருக்கார். தூக்கிக் கொடுத்துட்டார். ‘இனி இந்த வீட்ல அவன் பேச்சை எடுக்கக் கூடாது’ன்னு அவர் கத்தினது மட்டும் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு.”

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. ஷீட்டைத் திருடியவள் அதிலிருக்கும் தேதியை ஒப்பிக்காமல் விடுவாளா? பரீட்சையில் காப்பியடித்தவன் விடையை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டுமா எழுதுவான்?

“சொத்து எதுவும் கேக்கலையே நீங்க?”

“என் ரெண்டு கை இருக்கு எனக்கு!” அவர் குரல் உடைந்தது, ஆனால் கோபம் உடையவில்லை. “அப்பாவுக்கு எண்பத்து நாலு. நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன். சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறார். ‘என்னைக் கொடுத்தப்புறம் எங்கம்மா ஒருநாளாவது என்னை நெனைச்சாளா? அதைத் தெரிஞ்சுக்காம அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்’ங்கறார். அந்த விளம்பரத்தைப் பாத்ததுலேருந்து இதே பேச்சு. சின்னப் புள்ளையாட்டம் அடம். அந்த வீட்ல ஒருத்தருக்காவது ஏதாவது தெரியாதான்னுதான் எழுதினேன். அதுக்குப் போலீஸ்!”

எனக்குக் காது சூடேறியது. அறுநூற்றுப் பதினோரு பேரைத் தேடித் தேடிப் பிடித்த மனுஷனுக்கு, தானாக வந்து கதவைத் தட்டிய ஒருத்தரைத் தெரியவில்லை. இதற்கு நாங்கள் சம்பளத்துக்கு ஆள் வேறு.

மேடம் கோபப்பட்டால் பேச மாட்டார், பொருள்களைத் தொட்டுப் பார்ப்பார். தைத்து மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றின் கழுத்தைத் திருப்பினார். கடைப் பெயர் இருக்க வேண்டிய லேபிளில் பெயர் இல்லை. நீல நூலில் ஒரு சின்ன மீன்.

“இது என்ன?”

“அப்பாவோட மீன். அவர் குடை, டிபன் பாக்ஸ், தலையணை உறை எல்லாத்துலயும் பேருக்குப் பதிலா மீன்தான் போடுவார். அதையே நான் கடைக்கு வெச்சுக்கிட்டேன். ஏன் மீனுன்னு கேட்டா, ‘எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது, எனக்கு அதைத்தான் போடுவா’ம்பார்.”

“எதுல போடுவாங்க?”

“அது அவருக்கு மறந்துபோச்சு. ஏதோ கதவுலன்னு ஒரு தடவை சொன்னார். தலையில கைய வெச்சு அழுத்திப் பிடிச்சுப்பாங்களாம், அசையாதேன்னு.”

மேடம் சட்டையை மெதுவாக மடித்து வைத்தார். “ஸ்பீக்கர், அந்த அலமாரிக் கதவுல ஏதோ ஸ்டார்னு சொன்னியே, உன் மூக்குக்கு நேராத்தானே பாத்தே?”

“ஆமா மேடம். சும்மா கிண்டல்தான் பண்ணினேன்.”

“வாழ்நாள்ல முதல் தடவையா உன் கிண்டல் ஒரு வேலைக்கு ஆச்சு. ஓடு, ஆட்டோ புடி.”

*

“என் முதல் மரத்தைக் கிழிக்கறதா? இருபத்தாறு வருஷம்!” டிராஃப்ட்ஸ்மேன் அலமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “அவ என்ன மாசம் சொன்னா? அதைச் சொல்லுங்க முதல்ல!”

“எந்த மாசமும் சொல்லல. கருப்பு ஆடு எந்த வீட்லயும் இல்ல,” என்றார் மேடம். “சார், நான் அஞ்சடி... சரி, நாலடிப் பதினொண்ணரை அங்குலம். எனக்கு அந்த ஸ்டார் கண்ணுக்கே தெரியல. ஆனா உங்களுக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும். உங்க அப்பா என்ன உயரம்?”

“அஞ்சடி எட்டு. அதுக்கென்ன?”

“அந்த ஸ்டார் என்ன உயரம்?”

அவர் கண் கதவின் மேல் பக்கம் போனது. ஸ்கேல் போடாமலே அளவு சொல்கிற ஆள். “அதுவும் அஞ்சடி எட்டு,” என்று விரித்த கையைத் தாழ்த்தினார்.

“ஸ்பீக்கர், கிழி,” என்றார் மேடம்.

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காகிதத்தையும் கிழித்ததில்லை. ஈரத் துணியால் நனைத்து, மேல் மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். பழைய பசை, பொருக்குப் பொருக்காக விட்டது. முதல் மரம் பாதிப் பாதியாகத் தரையில் விழுந்தது.

அடியில் கதவு முழுக்கக் கீறல். மூன்று வரிசை. வருஷத்துக்கு ஒன்றாக, குழந்தைகளை நிறுத்தி உயரம் குறித்த கோடுகள். இடது வரிசையில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரம். வலது வரிசையில் பூ.

நடு வரிசையில் மீன்.

“ஸ்டார் உங்க அப்பா. பூ உங்க அத்தை,” மேடத்தின் குரல் கத்தி மாதிரி இருந்தது. “நடுவுல இருக்கறவருக்கு நாளைக்கு ஆபரேஷன். ஒன்பது மாசத்துல செத்தவர்னு இருநூறு புத்தகத்துல போட்டிருக்கீங்களே, அவருக்கு. இல்லாத சந்துன்னு நெனைச்சு நிஜச் சந்து மேலயே கோட்டைப் போட்டிருக்கீங்க சார். அங்க குடியிருந்த ஆள் வந்து கதவைத் தட்டினா, திருடன்னு போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்க.”

டிராஃப்ட்ஸ்மேன் கதவின் முன் மண்டியிட்டார். அவருக்கும் கோபம் வந்தது, ஆனால் திசை மாறி வந்தது. “அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு இருந்திருக்கும். கூடவே படுத்துத் தூங்கின தம்பி. தெரியாம இருக்குமா? நான் இருபது வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பேராக் கேட்டு எழுதினேன். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சரி, அஞ்சு வயசுல போனாருன்னு சொன்னாங்களே மேடம்,” என்றேன். எனக்கு ஒன்று உறுத்தியது. “இது மேல வரைக்கும் போகுதே?”

மீன் நான்கு கோட்டோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நட்சத்திரத்துக்கும் பூவுக்கும் நடுவே ஏறிக்கொண்டே போய், ஷீட்டின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் முடிந்தது. பதினேழு மீன்கள். தையல்காரம்மா பொய் சொல்லிவிட்டாரா? பையன் இந்த வீட்டிலேயே வளர்ந்தானா? மேடத்தின் முகத்திலும் முதல் தடவையாகக் குழப்பம்.

டிராஃப்ட்ஸ்மேன் ஸ்கேலை எடுத்தார். நட்சத்திர வரிசையை அளந்தார். “அறுபத்தி ரெண்டு மில்லிமீட்டர். நாற்பது. எழுபத்தஞ்சு. அம்பது. பிள்ளைங்க இப்படித்தான் வளரும், ஒரு வருஷம் குதிக்கும், ஒரு வருஷம் நிக்கும்.” பூவும் அப்படித்தான். மீனின் முதல் நான்கு கோடும் அப்படித்தான். பிறகு அவருடைய ஸ்கேல் மேலே ஏறியது.

“நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு...” பதின்மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே எண். கடைசியில் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, தன் மூன்று விரலைச் சேர்த்து இரண்டு கோட்டுக்கு நடுவில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“எந்தப் பிள்ளையும் இப்படி வளராது,” என்றார். “இது ஆளை நிறுத்தி அளந்ததில்ல. ஆள் இல்லாம அளந்தது. வருஷா வருஷம், மத்த ரெண்டு பேரையும் நிறுத்தறப்ப, இவன் இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான்னு... மூணு விரல் வெச்சு...”

பேச்சை எடுக்கக் கூடாது என்றுதான் தாத்தா சொல்லியிருந்தார். கீறக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிராஃப்ட்ஸ்மேன் எழுந்தார். மேஜையிலிருந்து பாதி பிளேடு ஒன்றை எடுத்தார். டிரேசிங் ஷீட்டில் மை தப்பாகப் போனால் ரப்பருக்கு வேலையில்லை, பிளேடால்தான் சுரண்ட வேண்டும். சுவருக்குப் போய், அந்தச் சின்னக் கட்டத்திலிருந்த ‘ஒன்பது மாதத்தில் மறைவு’ என்பதைச் சுரண்டினார். அவர் அழுத்திய அழுத்தில் ஷீட்டில் அந்த இடமே ஓட்டையாகிவிட்டது.

“ஸ்க்ரூ டிரைவர் மேல் தட்டுல இருக்கு தம்பி. எடு,” என்றார்.

*

“கதவெல்லாம் வார்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது,” என்றார் நர்ஸம்மா.

“இது கதவில்லைங்க. நோயாளியோட அம்மா. விசிட்டிங் ஹவர்ஸ் ஏழு மணி வரைக்கும் இருக்குல்ல?” என்றேன். அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைத்தியத்தோடு என்ன பேச்சு என்று விலகினார்.

தையல்காரம்மா கட்டில் பக்கத்திலிருந்து பாய்ந்து எழுந்தார். “இங்கயும் வந்துட்டீங்களா? வெளிய போங்க!”

டிராஃப்ட்ஸ்மேன் கதவோடு உள்ளே வந்தார். கதவைச் சுவரில் சாய்க்கப் போனவர், நின்று, “இருங்க. அலமாரிக்கு ஆறு அங்குலக் கால். அப்படியே வெச்சா அளவு தப்பாயிடும்,” என்று வெளியே ஓடினார். கதவை ஏற்றி வந்த வேனிலிருந்து புத்தகக் கட்டு ஒன்றை அள்ளிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அச்சடித்த புத்தகங்கள். ஆறு அங்குலத்துக்கு அடுக்கி, அதன் மேல் கதவை ஏற்றினார். அந்தப் புத்தகம் அதுவரை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

கட்டிலில் இருந்த பெரியவர் மீனைப் பார்த்தார். போர்வையை விலக்கினார். மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, நடந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். யாரும் சொல்லாமலே குதிகாலை ஒட்டி வைத்து, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டிராஃப்ட்ஸ்மேன் ஒவ்வொரு கோடாகக் காட்டிச் சொன்னார். இது வரைக்கும் உங்களை நிறுத்தி அளந்தது. இதிலிருந்து நீங்கள் இல்லாமல் அளந்தது. பதின்மூன்று வருஷம், வருஷத்துக்கு மூன்று விரல்.

பெரியவர் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கடைசி மீனைத் தடவினார். அது அவர் தலைக்கு நாலு விரல் மேலே இருந்தது.

“நான் இவ்வளவு வளரலையே,” என்றார். “என்னை உயரமாத்தான் நெனைச்சிருக்கா.”

கட்டிலில் உட்கார்ந்ததும் சம்மதத் தாளைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் ஒரு மீனும் போட்டார். நர்ஸம்மா மீனையும் சேர்த்தே ஃபைலில் வைத்துக்கொண்டார்.

டிராஃப்ட்ஸ்மேன் தையல்காரம்மாவின் முன்னால் போய் நின்றார். “புகாரை வாபஸ் வாங்கிட்டுத்தான் வந்தேன். புத்தகத்துல அவர் கைக்குழந்தையாவே செத்துட்டார்னு போட்டுட்டேன், திருத்தம்னு ஒரு தாள் அச்சடிச்சு ஒட்டிடறேன். உங்களுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம், முத்திரைத் தாள்லயே எழுதி...”

“காகிதம் வேண்டாம்.” அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “காகிதத்துலதான் எங்கப்பாவைக் கொன்னீங்க. ஞாயித்துக்கிழமை மைக்கைப் பிடிச்சு, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடியும் வாயைத் திறந்து சொல்லணும். அவர் யாருன்னு சொல்லணும். நான் யாருன்னும் சொல்லணும்.”

“சொல்றேம்மா.”

“அம்மா இல்ல. தங்கச்சி. இங்கயே சொல்லிப் பழகுங்க.”